புகையிலை விதையைப் புதைக்காதீர்கள்

இடம்பெயர்ந்து ஊர் திரும்பும் கமக்காரரிடம் ஒரு சிட்டிகை விதைதான் மிஞ்சியிருக்கும். புகையிலைக்கு அது போதும். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதைகள் உண்டு. ஆனால் பயறுபோலப் புதைத்தால் அத்தனையும் வீண். இவ்விதை முளைக்க வெளிச்சம் துணை. ஆழத்தில் கிடந்தால் மண்ணை முட்டி மேலே வர அதற்குப் பலமில்லை.

வெள்ளம் நிற்காத இடத்தில் மேடை அமையுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற மண் வேண்டாம். இவையெல்லாம் புகையிலையின் இனம், நோய்களும் பொதுவானவை. மண்ணைத் தூளாக்கி, உக்கிய எருவைக் கலந்து மட்டப்படுத்துங்கள். விதையை உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மேலே மண் போடவேண்டாம். பூவாளியால் மெதுவாக நனையுங்கள், ஈரம் காயக்கூடாது. கடும் வெயிலுக்கும் மழைக்கும் உயரமாகக் கிடுகுப் பந்தல் போடுங்கள்.

7 முதல் 10 நாட்களில் முளை தெரியும். நெருங்கி நிற்பவற்றைப் பிடுங்கி ஐதாக்குங்கள். இல்லையேல் அடித்தண்டு அழுகும். 6 முதல் 8 வாரங்களில் கன்று நடலாம்.

நல்ல செடி ஒன்றை நுனி முறிக்காமல் விடுங்கள். காய் கபில நிறமானதும் பறித்து உலர்த்தி, விதையைப் போத்தலில் அடைத்து வையுங்கள். மீண்டும் வீட்டைவிட்டுப் போக நேர்ந்தாலும், மடியில் முடிந்துகொண்டு போகலாம்.