உங்களுக்குத் தெரியுமா? பத்து முழப் பட்டியும் பன்னிரண்டு அவுன்ஸ் க்ளவுஸும்

● ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. மடக்கியதும் கருங்கல் மாதிரித் தெரிகிற முஷ்டி, பென்சில் கனமுள்ள எலும்புகளைத் தசைநார் இழுத்துக் கட்டிய ஒரு கொத்துதான். உடற்பயிற்சிக்காக பாக்ஸிங் வகுப்பில் சேருகிறவர்கள் க்ளவுஸின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

● சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை எலும்பின் கழுத்தில் விழும் முறிவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாக்ஸர் முறிவு'. ஆனால் பழகிய பாக்ஸர்களைவிட, கோபத்தில் சுவரையும் கதவையும் குத்தியவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கீழே உள்ள எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பிணைந்தவை. மற்ற இரண்டும் அசைந்து கொடுப்பவை. "முதல் ரெண்டு முட்டியில படணும்" என்று மாஸ்டர் தினமும் சொல்வது இதற்காகத்தான்.

● கையில் சுற்றும் துணிப்பட்டி, அதாவது ஹேண்ட் ராப், 108, 120, 180 அங்குலம் என்று பல நீளங்களில் கிடைக்கிறது. 180 அங்குலம் என்றால் நம் கணக்கில் பத்து முழம். எட்டு முழ வேட்டியைவிட இரண்டு முழம் அதிகம்! இவ்வளவும் ஒரு கைக்கா என்று தோன்றும். ஆம், ஒரு கைக்குத்தான். மிகச் சிறிய கை என்றால் 120 போதும். மற்றவர்கள் 180 வாங்குவதே நல்லது. மணிக்கட்டு, முட்டி, விரல் இடுக்கு மூன்றுக்கும் துணி போதும். சற்றே இழுபடும் ரகத்தை 'மெக்ஸிகன்' என்று கேட்டு வாங்கலாம். புதிதாகக் கட்டிப் பழகுகிறவர்களுக்கு அது கையோடு படிந்து நிற்கும்.

● பட்டி கட்டும்போது விரல்களை நன்றாக விரித்துப் பிடிக்க வேண்டும். சேர்த்து வைத்துக்கொண்டு கட்டினால், முஷ்டி மடக்கும்போது இறுகிப் பிடித்துவிடும். கட்டைவிரலில் கொக்கியை மாட்டி, புறங்கை வழியாக இறக்கி, மணிக்கட்டை மூன்று சுற்று. பிறகு முட்டியின் மேல் மூன்று சுற்று. அப்புறம் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் நுழைத்து, குறுக்கே இழுத்து, மிச்சம் முழுவதும் மறுபடி மணிக்கட்டுக்கு. முடித்ததும் விரல் நுனியைப் பாருங்கள். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அவிழ்த்துவிட்டு மீண்டும் கட்ட வேண்டியதுதான். முஷ்டி மடக்கும்போது இறுகி, விரிக்கும்போது தளர வேண்டும். அதுதான் சரியான கட்டு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சேர்ந்த முதல் வாரம், நேரமாகிவிட்டது என்று பட்டி இல்லாமல் க்ளவுஸை மட்டும் மாட்டிக்கொண்டு, தொங்கும் குத்துப் பையான பேக்கில் இறங்கினேன். மூன்றாவது குத்திலேயே மணிக்கட்டு உள்பக்கம் மடிந்தது. பத்து நாள் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. க்ளவுஸின் பஞ்சு முட்டியைக் காக்கும். மணிக்கட்டை நேராகப் பிடித்து நிறுத்துவது பட்டி. பணம் குறைவாக இருந்தால் க்ளவுஸில் சிக்கனம் பாருங்கள், பட்டியில் வேண்டாம்.

● பழைய கிரேக்கர்கள் குத்துச்சண்டைக்குத் தோல்வாரைக் கையில் சுற்றினார்கள். 1885இல் ரோம் நகரின் க்விரினால் குன்றில் தோண்டியெடுத்த வெண்கலச் சிலையில், களைத்து உட்கார்ந்திருக்கும் சண்டைக்காரரின் இரு கைகளிலும் அந்தக் கட்டு அப்படியே தெரிகிறது. விரல்கள் மட்டும் வெளியே.

● இன்றைய க்ளவுஸுக்கு முன்னோடி, மேடைச் சண்டைக்காக வந்ததல்ல, பயிற்சிக்காக வந்தது. லண்டனில் ஜாக் ப்ராட்டன் 1740களில் தன்னிடம் பழக வந்த சீமான்களின் முகம் வீங்கக் கூடாது என்று பஞ்சு வைத்த 'மஃப்ளர்' உறைகளைப் போடச் செய்தார். அப்போது பரிசுச் சண்டைகள் வெறுங்கையோடுதான் நடந்தன. 1867இல் வெளியான க்வீன்ஸ்பரி விதிகள்தான் போட்டிக்கும் க்ளவுஸைக் கட்டாயமாக்கின. ஆகவே, மாலையில் வேலை முடித்து வந்து வியர்வை சிந்தும் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த உறை முதலில் தைக்கப்பட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

● க்ளவுஸில் போட்டிருக்கும் 10, 12, 14, 16 என்பது கையின் அளவல்ல, எடை. ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். 12 அவுன்ஸ் என்றால் ஒரு கைக்கு ஏறத்தாழ 340 கிராம். தொழில்முறை வீரர்கள் போட்டியில் 8 அல்லது 10 அவுன்ஸ்தான் போடுகிறார்கள். அதைப் பார்த்து நாமும் 8 வாங்குவது தவறு. பேக் பயிற்சிக்கு, உடல் எடை 50 கிலோவுக்குள் என்றால் 10, எழுபது வரை 12, அதற்கு மேல் 14 என்பது பொதுவான கணக்கு. ஜோடி சேர்ந்து ஸ்பேரிங் செய்வதற்கு 16.

● கடைக்குப் போகும்போது பட்டியையும் எடுத்துப் போங்கள். பட்டி கட்டிய கையோடு மாட்டிப் பார்த்தால்தான் அளவு தெரியும். விரல் நுனி உறையின் முனையை லேசாகத் தொட வேண்டும். முஷ்டி சிரமமில்லாமல் மடங்க வேண்டும். பிறகு முட்டிக்கு மேலே உள்ள பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் எலும்பு தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

● வெல்க்ரோவா, கயிறா? தனியாகப் பழகுகிறவருக்கு வெல்க்ரோ. கயிறு கட்ட இன்னொரு ஆள் வேண்டும்.

● பேக்கைக் குத்திக் குத்திப் பஞ்சு அமுங்கிப்போன க்ளவுஸோடு ஸ்பேரிங்கில் இறங்கக் கூடாது. எதிரே நிற்பவரின் முகத்தில் விழுவது கிட்டத்தட்ட வெறும் முட்டி. இரண்டுக்கும் தனித்தனி ஜோடி வைத்திருப்பது உங்களோடு பழகுகிறவருக்குத் தரும் மரியாதை.

● ஜிம்மில் எல்லோரும் போடும் பொது க்ளவுஸால் படர்தாமரை ஒட்டிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் சொந்தப் பட்டியாவது கட்டிக்கொள்ள வேண்டும்.

● சென்னைப் புழுக்கத்தில் க்ளவுஸை ஜிப் போட்ட பைக்குள் விட்டால் இரண்டே நாளில் நாற்றம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வாயை விரித்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. பட்டியைப் போடலாம், வலைப்பைக்குள் வைத்து. இல்லாவிட்டால் வெல்க்ரோ மற்ற துணிகளையெல்லாம் கவ்விக்கொள்ளும்.

● காய்ந்த பட்டியைச் சுருட்டும்போது வெல்க்ரோ முனையிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரல் கொக்கி கடைசியில் வெளியே வந்து நிற்கும். மாற்றிச் சுருட்டிவிட்டால், வகுப்பு தொடங்கிய பிறகு பத்து முழத்தையும் தரையில் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுருட்ட வேண்டியிருக்கும்.