வீட்டுக்குள் ஒரு சிறு கடல்: மீனுக்கு முன் தண்ணீரை வளருங்கள்



செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீனைக் கடையில் பிள்ளைகள் ஒரு முறை கண்டுவிட்டால் போதும், பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. கேட்டுக் கேட்டு, வாப்பாவும் ஒரு நாள் மனமிரங்குவார். கண்ணாடித் தொட்டி, மண், உப்பு, மீன் எல்லாம் ஒரே பின்னேரத்தில் வீடு வந்து சேரும். முதல் கிழமை அயல் வீட்டார் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் கிழமை மீன்கள் ஒவ்வொன்றாக மேலே மிதக்கத் தொடங்கும். பிள்ளைகள் ஒரு பக்கம் அழ, போன காசை எண்ணி வாப்பா மறுபக்கம் முகம் கறுக்க, நாற்றமெடுத்த தண்ணீரை அள்ளி ஊற்றும் வேலை மட்டும் உம்மாவின் தலையில் விழும். ஆகவேதான் இதை உம்மாமாருக்கு எழுதுகிறேன்.

உயிர்களை வீட்டில் வைத்து வளர்ப்பது ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. நபி (ஸல்) அவர்கள் அபூ உமைர் என்ற சிறுவரிடம், அவர் வளர்த்த சிறு குருவியைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. இதை வைத்துக் கூட்டில் பறவை வளர்க்கலாம் என்று உலமாக்கள் சொல்வர். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் ஹதீஸில்தான் இருக்கிறது. வளர்க்கலாம், ஆனால் அது அமானிதம். கடல் மீனைப் பொறுத்தமட்டில் இந்த அமானிதத்தில் பெரும் பகுதி, மீனை வாங்குவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியது.

கடலிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம்

தொட்டிக்குள் முருகைக்கல் இருந்தால்தான் அழகு. அதற்காக ஹிக்கடுவையிலிருந்தோ பாசிக்குடாவிலிருந்தோ ஒரு கல்லை உடைத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். கல் முருகைகள் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் பாறைகள் பட்ட பாடே போதும். 1998 இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் ஆழம் குறைந்த இடங்களில் இருந்த முருகைகள் வெளுத்து, பெருமளவு இறந்துபோயின. முருகை என்பது உண்மையில் கல்லல்ல; கல்லைக் கட்டி அதன் மேல் குடியிருக்கும் சிறு பிராணிகளின் கூட்டம். அவற்றின் தசைக்குள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து, வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. தண்ணீர் சூடேறினால் இந்தக் கூட்டு முறிந்துவிடுகிறது. நிறம் போய் வெள்ளையாகிறது. கடலில் நடந்த அதே காரியம் உங்கள் தொட்டியிலும் நடக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைக்குப் பதிலாக, தொட்டிகளுக்கென்றே செய்து விற்கும் துளைகள் நிறைந்த செயற்கைக் கல் 10 அல்லது 12 கிலோ வாங்கினால் போதும். சில மாதங்களில் அதன் மேல் ஊதாவும் பச்சையும் படர்ந்து, இயற்கைக் கல்லா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிடும். மனித உருவப் பொம்மைகளை உள்ளே வைக்க வேண்டாம் என்பதை நம் வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொட்டியும் தண்ணீரும்

முதல் தடவைதானே, சின்னதாக ஒன்று போதும் என்று நினைப்பது இயல்பு. இங்கே கணக்கு நேர்மாறானது. தண்ணீர் குறையக் குறைய ஆபத்துக் கூடும். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் அழுக்காகும், சீக்கிரம் உப்பேறும். 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 127 லீற்றர் கொள்ளும். கல்லும் மண்ணும் போக 100 லீற்றர் மிஞ்சும். இதற்குக் கீழே போகாதீர்கள். கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் மூன்று மூடை சீமெந்தின் பாரம் வரும். பழைய தொலைக்காட்சி மேசை தாங்காது. யன்னல் வெயில் படாத, அடுப்படிப் புகை வராத மூலையாகப் பாருங்கள். மின் வயர் சொருகியை விடத் தாழ்வாக வளைந்து தொங்கட்டும். அப்போதுதான் வழியும் நீர் சொருகிக்குள் இறங்காது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் விளையாட்டல்ல.

கடற்கரையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டு வருவது செலவில்லாத வழிதான். ஆனால் ஊருக்கு அருகில் கரையோர நீரில் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைக் கரைப்பதே நல்லது. கறியுப்பு உதவாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு; கற்பிட்டி, யாழ்ப்பாணம் பக்கத்துக் கிணறுகளில் பசளையிலிருந்து வந்த நைத்திரேற்று உண்டு. வடமத்திய மாகாணத்தில் ஊருக்கு ஊர் குடிப்பதற்கு விற்கும் ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு நன்கு பொருந்தும். 100 லீற்றருக்கு மூன்றரை முதல் நாலு கிலோ உப்புச் செல்லும். கரைத்து ஒரு நாள் முழுவதும் சிறு பம்பினால் சுழல விட்டு, நீரமானியால் அளந்து பாருங்கள். 1.025 அளவில் நிற்க வேண்டும்.

ஒரு விடயம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே மட்டம் குறையும்போது ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு கீறிவைத்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடலாம்.

மீனில்லாத ஆறு கிழமை

எல்லாம் நிறைத்து, விளக்கும் போட்டாயிற்று. இனி மீன் வாங்கலாமா என்றால், இல்லை. குறைந்தது நாலு முதல் ஆறு கிழமை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் இதுதான் பெரிய சோதனை. மூன்றாம் கிழமைச் சாவு எல்லாம் இந்த ஆறு கிழமையைத் தாண்டிக் குதித்ததால் வருவது.

காரணம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் கெடுதி. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். இதை ஓரளவுக்கு மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதியளவு கிடையாது. கல்லின் துளைகளிலும் மண்ணிலும் அவை பெருகுவதற்குக் காலம் வேண்டும், உணவும் வேண்டும். சமையலுக்கு வாங்கிய பச்சை றாலில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுவிடுங்கள். அது அழுகி அமோனியாவைத் தரும். மூன்று நாளுக்கு ஒரு முறை பரிசோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்து ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும். பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியத்துக்கு வந்து, நைத்திரேற்று மட்டும் தெரியும் நாளில் தொட்டி உயிர் பெற்றுவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் முதலாவது உயிரை வாங்கப் போகலாம். இடையில் மண்ணெல்லாம் கபில நிறமாகத் தூள் படியும், பிறகு பச்சைப் பாசி வரும். பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கழுவினால் மீண்டும் முதலிலிருந்து ஆறு கிழமை.

இந்த நாட்களில் வெப்பத்தையும் கவனியுங்கள். 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ தொட்டியைச் சும்மா விட்டால் இதைத் தாண்டிவிடும். நீரின் மேற்பரப்பில் ஒரு சிறு ஃபேன் காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். கோடு வரை நிரப்பும் தண்ணீர் அதிகம் செல்லும், அவ்வளவே. நுவரெலியாக் குளிருக்கோ ஹீட்டர் தேவைப்படும்.

யாரை முதலில் அழைப்பது?

நத்தைகளை. மூன்று நாலு சிறு நத்தைகள் பாசியை மேய்ந்து தரும். இரண்டு கிழமை கழித்து ஒரு கோபி மீன். பிஸ்டல் றாலோடு கூட்டுச் சேரும் இனமாகக் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். கண்பார்வை குறைந்த றால் வளை தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். றாலின் மீசை எப்போதும் மீனின் மேல் தொட்டபடி இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலைச் சிலுப்பும், இருவரும் உள்ளே. எந்தத் தொலைக்காட்சி நாடகத்தையும் விட இதைப் பார்த்திருக்கலாம். அடுத்து, நீரைக் குடைந்து துள்ளும் ஃபயர்ஃபிஷ் ஒன்று. அது வெளியே பாய்ந்துவிடும், ஆகவே மேலே வலை மூடி கட்டாயம். கடைசியாகத்தான் பிள்ளைகள் கேட்ட கோமாளி மீன் ஒரு சோடி. இடத்துக்குச் சண்டை பிடிக்கும் இனமாகையால் அது பின்னால் வருவதே நல்லது. கடலில் பிடித்ததை விட, தொட்டியில் பொரித்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால், வலிமை கூடியது பெண்ணாக மாறும். இவை எல்லாம் பிறக்கும்போது ஆண்களே. படைத்தவனின் ஆற்றலைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

நாலு மீன். அத்தோடு நிறுத்துங்கள். கடைக்காரர் காட்டும் நீல நிற சேர்ஜன் மீன் கண்ணைப் பறிக்கும். அதற்கு இந்தத் தொட்டி சிறைக்கூடம். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல முருகையைக் கொத்தித் தின்னும். மற்ற மீன்களைத் துப்புரவாக்கும் நீலக்கோட்டு மீன் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகிறது. கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி இல்லாமல் முடியாது என்பதும் கடைப் பேச்சுத்தான். சாமந்தி புதுத் தொட்டியில் நிலைக்காது. அது செத்துக் கரைந்தால் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

முருகை வைக்கும் ஆசைக்கு நாலாம் ஐந்தாம் மாதம் வரை பொறுங்கள். காளான் போன்ற மென்முருகை முதலில் தாங்கும். வளர்ப்பகத்தில் துண்டிட்டு வளர்த்ததா, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையில் வாங்க வேண்டாம். இன்னொன்று: பொத்தான்கள் போலக் கூட்டமாக விரியும் சோஆந்திட் இனங்களில் சில கடும் நஞ்சுள்ளவை. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டோ, காயவைத்துத் தேய்த்தோ கழுவப்போய், ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. எந்தத் தொட்டிக் கல்லையும் அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தண்ணீரில் கை வைக்கவும் வேண்டாம்.

வீட்டு வேலைகளில் சில தொட்டிக்குப் பகை. நுளம்பு மருந்து தெளித்தால் றால்தான் முதலில் சாகும். சுருளையும் அந்த அறையில் ஏற்றாதீர்கள். அத்தர், சவர்க்காரம் பட்ட கையை நன்கு கழுவித் துடைத்த பிறகே உள்ளே விடுங்கள். மீனுக்கு நோய் என்று செப்புக் கலந்த மருந்தை ஊற்றினால் நத்தையும் றாலும் தப்பாது. பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ற் பூசும் நாட்களில் அந்த அறையை மட்டும் விட்டுவைக்கலாம், அல்லது யன்னல்களைத் திறந்து, காற்றுப் பம்பை வெளிக்காற்றுக்கு மாற்றி வையுங்கள்.

2022 இல் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். பம்பு நின்று சில மணி நேரத்தில் நீரில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் வரும்வரை உணவு போட வேண்டாம்.

இதற்கு மேல் கிழமைக்கு ஒரு மணி நேர வேலை: 10 லீற்றர் எடுத்து, முதல் நாளே கரைத்த 10 லீற்றரை ஊற்றுவது, கண்ணாடியைத் துடைப்பது, உப்பை அளப்பது. விளக்கு எட்டு மணி நேரம் போதும். தானியங்கிச் சுவிட்ச் பூட்டிவிட்டால் நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும் வீட்டிலும் மீனின் பகலிரவு குழம்பாது. உம்ராவுக்கோ ஊருக்கோ போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்தான் பொறுப்புக் கொடுப்போம். அன்பு மிகுதியால் அது அள்ளிப் போட்டுவிடும். ஒவ்வொரு நாளைக்குமுரிய உணவைச் சிறு கடதாசிச் சுருள்களில் மடித்து, திகதி எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச டப்பாவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.