சூரியனில் சமைத்த கனவு

வருங்காலத்தைக் கற்பனை செய்யும் விஞ்ஞானக் கதைகளும் படங்களும் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று தாய்மார் பலர் அஞ்சுகின்றனர். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே, அதில் ஐயமில்லை. ஆனால், நாளை இதுதான் நடக்கும் என்று குறி சொல்வது வேறு. நாளை இப்படி இருந்தால் என்ன என்று சிந்திப்பது வேறு.

1905இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகையொன்றில் அத்தகைய கதையை எழுதியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ருகையா சகாவத் ஹுசைன். 'சுல்தானாவின் கனவு' என்ற அக்கதையில் ஆண்கள்தாம் வீட்டுக்குள் இருக்கிறார்கள், அது நையாண்டி. பெண்களோ பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். ஆகாய வண்டியில் செல்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். குசினியில் புகையே இல்லை! பட்டிப்பொலக் குளிரில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த சகோதரிக்கு இக்கனவின் அருமை புரியும்.

ருகையா பள்ளிக்கூடம் போனவரல்லர். இரவில் அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். கனவோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1911இல் கல்கத்தாவில் எட்டே மாணவிகளுடன் பெண்கள் பாடசாலை தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்க வைத்தார். அப்பாடசாலை இன்றும் நடக்கிறது.

ஆகவே, மகள் விண்வெளிக் கதை வாசித்தால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். தொழுகை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, "இதில் நீ எதைச் செய்து காட்டப் போகிறாய், மகளே?" என்று கேளுங்கள்.