பழைய டோர்ச் லைட்டுக்குப் புது வெளிச்சம்

அப்பா காலத்து டோர்ச் லைட் இன்னும் நம்மில் பலருடைய வீடுகளில் கிடக்கிறது. வெள்ளி நிறத் தகர உடம்பு, ரெண்டு பெரிய பெட்டரி, திருகினால் கழரும் கண்ணாடித் தலை. "புது பெட்டரி போட்டும் மங்கலாத்தான் எரியுது, வீசிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீச வேண்டாம். நடுராத்திரியில் ஒரு கர்ப்பிணித் தாயை லயத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரும்போது கானும் படியும் தெரிய வேண்டும். பன்றியோ சிறுத்தையோ குறுக்கே நின்றால் தூரத்திலேயே தெரிய வேண்டும். அதற்குப் பழைய டோர்ச்சையே தயார் செய்யலாம்.

வட்டுக்கோட்டை சொல்லும் பாடம்

பெட்டரியின் அருமை தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். நம் மலையில் லக்சபானாவில் எடுக்கும் மின்சாரம் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அது நின்றது. வட்டுக்கோட்டை உட்பட குடாநாடு முழுக்கப் பல வருஷம் இருட்டு. டோர்ச் பெட்டரி கொண்டுபோகவும் தடை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் வீணாக்கக் கூடாது என்பதே அவர்கள் கண்ட வழி. டோர்ச்சுக்கும் அதுதான் முதல் பாடம்.

முதலில் துரு

ரெண்டு பெட்டரி சேர்ந்தால் 3 வோல்ட். அடி ஸ்பிரிங்கிலும் சுவிட்ச் தகட்டிலும் துரு இருந்தால் அதில் கொஞ்சம் வழியிலேயே போய்விடும். "கொஞ்சம்தானே?" என்று நினைக்காதீர்கள். சாதாரண பல்புக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்! ஆகவே பெட்டரியை எடுத்துவிட்டு, ஸ்பிரிங், தகடு, பல்பின் அடி எல்லாவற்றையும் உப்புத்தாளால் மினுங்கத் தேயுங்கள். பெட்டரி கசிந்த வெள்ளைப் பொடி இருந்தால் துணியால் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது பல்ப்

பழைய பல்பில் கம்பி சூடாகித்தான் வெளிச்சம் தரும். பெட்டரியின் சக்தியில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போகிறது. எல்.ஈ.டி பல்ப் அதே சக்தியில் பல மடங்கு வெளிச்சம் தரும். வெள்ளை எல்.ஈ.டிக்கு வழிதிறந்த நீல எல்.ஈ.டியைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய டோர்ச்சின் அதே இடத்தில் உட்காரும் எல்.ஈ.டி பல்புகளும் உண்டு. கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். அடி அளவும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். போட்டும் எரியாவிட்டால் பெட்டரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சில எல்.ஈ.டி ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்யும்.

தூரம் எங்கே இருக்கிறது?

வெளிச்சம் கூடினால் தூரமும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 20 அடியில் விழும் வெளிச்சம் 40 அடியில் நாலில் ஒரு பங்குதான். ரெண்டு மடங்கு தூரம் தெரிய வேண்டுமானால் நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குவிப்பது உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணம். அதைத் தேய்க்காதீர்கள், மினுக்கம் உரிந்துவிடும். தூசியை ஊதினால் போதும். முன் கண்ணாடியை மட்டும் கழுவுங்கள். எல்.ஈ.டி வாங்கும்போது பக்கவாட்டிலும் வெளிச்சம் விடுகிறதா என்று பாருங்கள். நேர் முன்னால் மட்டும் விட்டால் கிண்ணத்துக்கு வேலையில்லை. வெளிச்சம் பரவிப் போகும், தூரம் போகாது. பிறகு பத்தடி தள்ளிச் சுவரில் அடித்து, வட்டம் சிறியதாகும்வரை தலையைத் திருகுங்கள். நடக்கும்போது கொஞ்சம் தளர்த்தினால் காலடியும் தெரியும்.

செய்யக் கூடாதவை

வெளிச்சம் கூடட்டும் என்று இன்னொரு பெட்டரியை எப்படியாவது சேர்க்காதீர்கள், பல்ப் கருகிவிடும். பழைய பெட்டரியையும் புதியதையும் கலக்காதீர்கள். போன் பெட்டரியை உள்ளே திணிப்பது ஆபத்து, அது தீப்பிடிக்கக்கூடும். தீர்ந்த பெட்டரியை அடுப்பில் போடாதீர்கள், பிள்ளைகள் விளையாடவும் கொடுக்காதீர்கள். பல நாள் பாவிக்காவிட்டால் பெட்டரியைக் கழற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். அவசரத்துக்குத் தேட வேண்டியிராது.