சூட்டுக் குச்சி வைத்தியம்: மாக்ஸா பற்றித் தெரிந்துகொள்வோம்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு அக்கா சேலையை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம், உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கால் குடைச்சலுக்கு நல்லது என்று ஊருக்குள் வந்த ஒருவர், சுருட்டு மாதிரி நாலு குச்சியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். "பத்த வெச்சுக் கிட்டக் காட்டுங்க, சீனா வைத்தியம்"னு சொன்னாராம். அக்காவுக்கு எட்டு வருசமாகச் சர்க்கரை நோய். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை!

"நம்ம ஊர்ல கொழந்தைக்குச் சூடு போடுவாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணாங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அப்படி என்ன குச்சி அது?

அதை விற்றவர் எப்படிப்பட்டவரோ, வைத்தியம் மட்டும் மிகப் பழையது. நாம் அக்குபங்சர் என்று சொல்வதைச் சீனர்கள் 'ஜென்ஜியூ' என்கிறார்கள். 'ஜென்' என்றால் ஊசி. 'ஜியூ' என்றால் மூலிகையை எரித்து உடம்புக்குச் சூடு காட்டுவது. இந்த இரண்டாவது பாதிக்குத்தான் வெளிநாட்டார் மாக்ஸா என்று பெயர் வைத்தார்கள். சீனாவின் சாங்ஷா நகரத்தில் மவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடிய கல்லறை ஒன்றை 1973-இல் தோண்டினார்கள். அதில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடம்பில் ஓடுகிற பதினோரு பாதைகளைச் சொல்லி, எந்த நோய்க்கு எந்தப் பாதையில் சூடு காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊசியைப் பற்றி அந்தப் பாடத்தில் பேச்சே இல்லை.

எரிக்கிற செடியைச் சீனாவில் 'ஆய்' என்பார்கள். நாம் பூவோடு சேர்த்துத் தலையில் வைக்கிறோமே மரிக்கொழுந்து, அதற்கும் மாசிபத்திரிக்கும் இது நெருங்கிய சொந்தக்காரச் செடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக, பூனைமுடி போல இருக்கும். இலையைக் காயவைத்து, இடித்து, சலித்து, தூசியைத் தள்ளினால் கடைசியில் பஞ்சு மாதிரி ஒன்று நிற்கும். ஜப்பானியர்கள் அதை 'மொகுசா' என்றார்கள். மாக்ஸா என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். மூன்று வருசம் வைத்திருந்த பழைய இலைக்குத்தான் அங்கே மதிப்பு. பழசானால் எண்ணெய் குறைந்து, சூடு மெதுவாக இறங்கும் என்கிறார்கள். நம் வீட்டில் பழைய புளி, பழைய அரிசி தேடுகிற கதைதான்! ஹூபெய் மாநிலத்து சிச்சுன் ஊர் இலைக்குத் தனிப் பேர். சீன மூலிகைகளைப் பெரிய நூலாகத் தொகுத்த லீ ஷிசென் 1518-இல் பிறந்த ஊரும் அதுதான். சீனர்களுக்கு ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஒரு திருவிழா. அன்றைக்கு இந்தச் செடியை வாசலில் கட்டுவார்கள், நாம் வேப்பிலை செருகுவது போல.

இந்த வைத்தியத்தில் பேர் வாங்கியவர் ஒரு பெண் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாவ் கு என்பவர் சுமார் 1700 வருசத்துக்கு முன் தென்சீனாவில் வாழ்ந்தவர். குவாங்சோ மலைச்சரிவில் வளர்ந்த ஆய் இலையைப் பறித்து, மருவுக்கும் கட்டிக்கும் சூடு காட்டிக் குணப்படுத்தினார் என்பது வழிவழியாகச் சொல்கிற செய்தி. அவர் கணவர் கே ஹொங்கும் வைத்தியர். அவர் எழுதிய நூலில் வேறொரு சொந்தக்காரச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காய்ச்சலுக்குக் குடிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது. அதைப் படித்துத்தான், செடியைக் கொதிக்க வைக்கக்கூடாது என்ற யோசனை து யூயூ என்ற பெண் விஞ்ஞானிக்கு வந்தது. அதிலிருந்து வந்த மலேரியா மருந்துக்காக அவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? பஞ்சைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டிக் குச்சி ஆக்குவார்கள். நுனியைக் கனலவிட்டு, தோலில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த இடம் சிவந்து கதகதப்பாகும். இன்னொரு முறையில், இஞ்சித் துண்டை உடம்பில் வைத்து, அதன் மேல் பஞ்சைக் கூம்பாக வைத்து எரிப்பார்கள். குளிர் உள்ளே தங்கி ரத்தமும் உயிர்ச்சக்தியும் தேங்குவதால் வலி வருகிறது, சூடு அதை ஓடவைக்கும் என்பது அவர்கள் கணக்கு. உயிர்ச்சக்தியை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனால் சூடு பட்டால் தோலுக்கு ரத்தம் அதிகம் வரும், இறுகிய சதை தளரும். தவிட்டு ஒத்தடம் கொடுத்த நமக்கு இது புதுசா?

சூடு போடுவதும் இதுவும் ஒன்றா என்ற கேள்விக்கு வருவோம். பழைய காலத்தில் சீனாவிலும் பஞ்சைத் தோலின் மேலேயே வைத்து எரித்து, வேண்டுமென்றே புண்ணாக்கித் தழும்பு உண்டாக்குகிற முறை இருந்தது. அது நம் ஊர்ச் சூட்டுக்கு அண்ணன் தம்பி. இன்றைக்குப் பெரும்பாலும் செய்வது சுடாமல் கதகதப்பு மட்டும் கொடுப்பது. கொப்புளம் வந்தால் அது வைத்தியம் பலித்ததற்கு அடையாளம் இல்லை, தவறு நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். மஞ்சள் காமாலைக்கும் மாந்தத்துக்கும் பச்சைப் பிள்ளைக்குச் சூடு போடுவதை இதைக் காட்டி யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

இதில் அதிகமாகச் சோதித்துப் பார்த்தது, வயிற்றில் பிள்ளை தலை மேலாக இருந்தால் தாயின் கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டுவதைத்தான். 1998-இல் வெளியான சீன ஆய்வில் 260 தலைப்பிள்ளைக்காரிகள். சூடு காட்டிய 130 பேரில் 98 பேருக்கு 35-ஆவது வாரத்தில் பிள்ளை திரும்பியிருந்தது. காட்டாத 130 பேரில் 62 பேருக்குத்தான். பிறகு இத்தாலியில் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. 2023-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வழக்கமான கவனிப்போடு இதையும் செய்தால் பிள்ளை திரும்ப வாய்ப்பு கூடலாம் என்றார்கள். சிசேரியன் குறையும் என்று உறுதியாகவில்லை. கவனியுங்கள், சூடு காட்டாமலே பாதிப் பேருக்குத் திரும்பியிருக்கிறது! ஆகவே மாதச் செக்கப்பையும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தையும் விட்டுவிட்டு யாரும் இதை நம்பி உட்காரக்கூடாது.

சர்க்கரை நோயாளிகள், கால் மரத்துப் போனவர்கள் இதைத் தொடவே வேண்டாம். அவர்கள் காலில் ஒரு சின்னப் புண் விரலையே எடுக்கிற வரை கொண்டுபோய்விடும். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் காட்டக்கூடாது. இளைப்பு உள்ளவர்களுக்குப் புகை ஆகாது. மற்றவர்கள் செய்துகொள்ள ஆசைப்பட்டால், முறையாகப் படித்தவரிடம், சன்னல் திறந்திருக்கிற அறையில் செய்துகொள்ளுங்கள். "சர்க்கரையே போயிடும், மாத்திரையை நிறுத்திடுங்க" என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மாவு எதையும் பூசாதீர்கள். இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அந்த அக்காவை நாங்கள் மறுநாளே அழைத்துப்போனோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். காசு எதுவும் கேட்கவில்லை.