பெஞ்சில் பக்கத்தில் யார்?

நெய்யாற்றின்கரையிலிருந்து திருப்புறம், பாறசாலைப் பக்கம் போனால், சர்ச்சை ஒட்டினாற்போல் எல்.பி. ஸ்கூல்கள் எனப்படும் தொடக்கப்பள்ளிகள் ஆங்காங்கே கண்ணில் படும். காலை அசெம்பிளியில் ஜெபம் உண்டு, வேத வசனம் உண்டு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. சிலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இத்தனை விதமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கிறிஸ்தவப் பள்ளி எதை ஆன்மிக வளர்ச்சி என்று சொல்லும்?

பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது மனப்பாட வசனம். கோடை விடுமுறையில் வி.பி.எஸ். எனப்படும் வேதாகமப் பள்ளி முடியும் நாளன்று, கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் ஒரு சங்கீதத்தை ஒப்பிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்குக் கை தட்டாதவர் யார்? சின்ன வயதில் நெஞ்சில் பதிந்தது பின்னாளில் துன்பத்தில் துணைக்கு வரும். அது உண்மைதான். ஆனால் பரிசு கொடுத்ததோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுவதில்லை.

இந்த மண்ணில் மிஷன் பள்ளிகள் எதற்காக வந்தன என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். 1806இல் தென்திருவிதாங்கூருக்கு வந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே, மயிலாடியில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். பின்னாளில் அது பாறசாலைக்கும் பரவியது. அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ், தம் 22 ஆண்டு திருவிதாங்கூர் அனுபவங்களை 1870இல் நூலாக வெளியிட்டார். அடிமை முறை இங்கே சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். பொதுவழியில் நடக்கவும் விடப்படாத வீட்டுப் பிள்ளை மிஷன் பள்ளியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியபோது, 'கடவுள் உன்னையும் படைத்தார்' என்ற பாடம் வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. அது பலருக்குப் பொறுக்கவும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒட்டி எழுந்த 1858-59 தோள்சீலைக் கலவரத்தில் சர்ச்சுகளோடு பள்ளிக்கூடங்களும் எரிந்தன. சபைகளுக்கு உள்ளேயும் சாதி லேசில் விலகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெய்யாற்றின்கரைக்கு அருகிலேயே இருக்கிறது ஊருட்டம்பலம். பஞ்சமி என்ற தலித் சிறுமியை, தலித் உரிமைக்காகப் போராடிய அய்யன்காளி அங்கிருந்த அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். அதற்காகவே பள்ளி கொளுத்தப்பட்டது. எரிந்து மிஞ்சிய பெஞ்சு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அது மிஷன் பள்ளி அல்ல. ஆனாலும் இந்தப் பகுதியின் ஒவ்வொரு கிறிஸ்தவ எல்.பி. ஸ்கூலும் தன் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தப் பெஞ்சைக் காட்ட வேண்டும். யாரோடு உட்கார்கிறோம், யாரோடு சாப்பிடுகிறோம் என்பதில்தான் குழந்தை கடவுளைப் பற்றிய முதல் பாடத்தைப் படிக்கிறது.

ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் டேவிட் ஹே, ரெபேக்கா நை இருவரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சர்ச்சுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளிடமும் ஆன்மிக உணர்வு இருந்தது. தன்னோடும் பிறரோடும் உலகத்தோடும் கடவுளோடும் உள்ள உறவாக அது வெளிப்பட்டது.

இதை வகுப்பில் வளர்ப்பது எப்படி? 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியிடம் ஒரு வழி உண்டு. முன்பு ரோமில், நாலு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குத் தூக்கிவந்து, அதன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். பிள்ளைகளும் அசையாமல் இருந்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்தது மௌன விளையாட்டு. டீச்சர் அடுத்த அறையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போகும். சுறுசுறுப்பான பிள்ளைகூடத் தன் முறைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதட்டி அடக்கும் அமைதி வேறு, பிள்ளை தானே விரும்பி இருக்கும் அமைதி வேறு. ஜெபிக்கப் பழக இந்த இரண்டாவது அமைதி வேண்டும்.

கட்டாயம் கூடாது என்பதைச் சட்டமும் சொல்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. இது அரசியல் சட்டப் பிரிவு 28(3). கேரளத்திலேயே, தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் தங்கள் விசுவாசத்தின்படி பாடாமலிருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்றது.

எனவே ஜூனில் பள்ளி திறந்து முதல் பி.டி.ஏ. கூட்டம் கூடும்போதே, அசெம்பிளியில் என்ன ஜெபம், பைபிள் வகுப்பு எந்த நேரம், வேண்டாம் என்பவரின் பிள்ளை அப்போது என்ன செய்யும் என்பதைத் தலைமையாசிரியர் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கிவிடலாம். பெற்றோர் கையெழுத்தையும் அன்றே வாங்கிவிடலாம்.