பட்டறைக்கல்லை உடைப்பது யார்?

சென்னை அடையாறின் உள்தெருக்களில் பழைய வீடு ஒன்றாவது இடிபடாத மாதம் இல்லை. இடிக்கிறவர்களின் கடப்பாரையும் உளியும் சில நாளிலேயே முனை மழுங்கிவிடும். அந்த முனையைக் காய்ச்சித் தட்டிக் கூராக்க ஒரு காலத்தில் கொல்லுப்பட்டறையைத் தேடிப் போக வேண்டும். இன்று கிரில் கேட் செய்யும் வெல்டிங் கடையே போதும் என்றாகிவிட்டது. கடை ஓரத்தில் ஒரு முழம் தண்டவாளத் துண்டு கிடக்கும். காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லின் (பெயர்தான் கல், அதுவும் இரும்புதான்) வேலையை அதுதான் பார்க்கிறது.

‘பட்டறை’ என்ற சொல் மட்டும் செழிப்பாக இருக்கிறது. நாடகப் பட்டறை, கவிதைப் பட்டறை, பயிற்சிப் பட்டறை என்று அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. அந்தச் சொல்லுக்கு மூலமான பட்டடை, அதாவது பட்டறைக்கல்தான் காணாமல் போகிறது. திருக்குறளில் ‘கூடா நட்பு’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே பட்டடை வருகிறது. அதற்கும் முன்னால் புறநானூற்றின் 170ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றனின் வலிமைக்கு உவமை தேடிக் கொல்லனின் உலைக்கல்லில் வந்து நிற்கிறார். ஓங்கி விழும் சம்மட்டியை எதிர்த்து நிற்பது அந்தக் கல்.

அப்படிப்பட்ட கல் எப்படி உடைகிறது?

சம்மட்டி அடியால் உடைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு மெழுகு போல இளகியிருக்கும். அதன்மேல் எத்தனை ஆயிரம் அடி விழுந்தாலும் பெரும்பகுதி அந்த இரும்பிலேயே அடங்கிவிடும், கல்லுக்கு நோகாது. நோவது குறி தவறிய அடியில். சுத்தியலும் கடினப்படுத்திய எஃகு, கல்லின் முகமும் கடினப்படுத்திய எஃகு. நல்ல கல்லின் முகம் ராக்வெல் சி அளவில் 50க்கு மேல் இருக்கும். இரண்டும் இடையில் எதுவுமின்றி மோதினால் கல்லின் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த சில்லு கண்ணில் பாய்ந்தால் பார்வையே போகலாம். புதிதாகக் கற்கிறவர்கள் கை வைத்த கல்லில் விளிம்பு முழுசாக இருப்பது அரிது.

அடுத்த எதிரி, வால் பக்கத்துச் சதுர ஓட்டை. வெட்டுளி போன்ற துணைக்கருவிகளைச் செருகுவதற்கான இடம் அது. கருவியின் காம்பு மேலே பெருத்துக் கீழே சிறுத்திருந்தால், ஒவ்வொரு அடியிலும் ஆப்பு போல இறங்கிக் கல்லைப் பிளக்கும். ஒருநாள் வால் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். வார்ப்பிரும்பில் வார்த்து மலிவாக விற்கும் கற்களில் கூம்பி நீண்டிருக்கும் கொம்பே முறிந்து விழுவதும் உண்டு. வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். குளிர்நாட்டுக் கொல்லர்கள் பனிக்காலக் காலையில் கல்லைச் சற்றுச் சூடுபடுத்திய பிறகே வேலையைத் தொடங்குவார்கள், உறைபனியில் எஃகு நொறுங்கும் தன்மை கொள்ளும் என்பதால். சென்னைக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே உப்புக் காற்றும் வெள்ளமும்தான் கவலை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பகுதிகளில் பட்டறைகளும் மூழ்கின. துரு தின்று குழி விழுந்த கல்லில் எதை அடித்தாலும் அந்தக் குழியின் அச்சு அதில் விழும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, பழுது பார்க்கிறேன் என்று செய்யும் வேலை. பழைய இங்கிலாந்துக் கற்களில் உடம்பு மெதுவான தேனிரும்பு. மேலே ஏறக்குறைய அரை அங்குல எஃகுத் தகடு உலைச் சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். அத்தகைய கல்லின் இடுப்பில் மூன்று எண்கள் இருந்தால் அது எடைக் குறிப்பு: முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது கால் அந்தர். மூன்றாவது மிச்சப் பவுண்டு. 1-2-10 என்றிருந்தால் 178 பவுண்டு, சுமார் 81 கிலோ.

இந்தக் கல்லின் முகம் சற்றுக் குழிந்துவிட்டது என்று கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். மில்லிங் எந்திரத்தில் ஏற்றிச் சீவுகிறவர்களும் உண்டு. தலைமுறைகள் கடந்து நின்ற தகட்டில் பாதி ஒரே பகலில் தூளாகிப் போகிறது. இத்தனைக்கும் லேசான குழிவு குறையே இல்லை. வளைந்த பட்டையை நிமிர்த்த அந்தக் குழிவுதான் வசதி. சில்லுப் போன விளிம்பில் சாதாரண வெல்டிங் குச்சியால் நிரப்புவது இன்னும் மோசம். கல்லின் பெரிய உடம்பு வெல்டிங் சூட்டை நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் பற்றுக்கு அடியில் கண்ணாடி போல நொறுங்கும் ஒரு படலம் உண்டாகி, அங்கிருந்து விரிசல் ஓடும். நிரப்பிய இடமோ மெத்தென்று பள்ளம் விழும். முன்கூட்டியே கல்லைச் சூடேற்றி, தகுந்த குச்சியைத் தேர்ந்து, மெல்ல ஆறவிட்டால் சரியாக வரும் என்று வெல்டர்கள் சொல்வது உண்மைதான். அவ்வளவு பொறுமையும் செலவும் எத்தனை கடையில் கிடைக்கும்?

தண்டவாளத் துண்டைக் குறைசொல்லத் தேவையில்லை. 0.6 முதல் 0.8 சதவீதம் கரிமம் உள்ள எஃகு அது. மீட்டருக்கு 60 கிலோ வகையில் ஓர் அடித் துண்டே 18 கிலோ வரும். படுக்க வைத்தால் அதன் மெலிந்த கழுத்து அடியைத் துள்ளவிட்டு வீணாக்கும், நிமிர்த்தி நட்டால் எடை முழுதும் அடிக்கு நேர் கீழே நிற்கும். நம் கிராமத்துக் கொல்லர்கள் சிறிய சதுர இரும்பை மரக்கட்டையில் ஊன்றித் தரையோடு பதித்ததும், ஊர் ஊராகப் போய்ச் சாலையோரம் அரிவாள் அடிக்கும் வடமாநிலக் குடும்பங்கள் இன்றும் அப்படியே நட்டுக்கொள்வதும் இதனால்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். துண்டு முறையாக ஏலத்தில் வந்ததாக இருக்க வேண்டும். ரயில்வே சொத்தைத் தக்க விளக்கமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனால் பழைய கல்லும் உடைந்த ஜன்னல் கம்பியும் ஒரே விலைதான். அங்கிருந்து நேரே உருக்காலை. அந்தக் கல்லின் முகத்தை மறுபடி அதேபோல் ஒட்டிக் கொடுக்க இன்று ஆள் தேடுவது கடினம்.

வீட்டுப் பின்கட்டிலோ மூடிப்போன பட்டறையிலோ ஒரு கல் கிடந்தால் கிரைண்டரைத் தொடாதீர்கள். ஸ்கூட்டர் கடையில் ஒரு பேரிங் குண்டு வாங்கி, பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தில் விடுங்கள். ஏழெட்டு அங்குலம் எகிறினால் கல் உயிரோடு இருக்கிறது. எங்காவது சோர்ந்து விழுந்தால், தீயில் சிக்கி முகம் மெதுவாகியிருக்கலாம், அல்லது தகடு உள்ளே விட்டிருக்கலாம். சுத்தியலால் லேசாகத் தட்டினால் விரிசல் விட்ட கல் மொத்தென்று ஒலிக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் தடவி, உறுதியான மரக்கட்டையில் ஏற்றுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் பக்கத்து ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.